பெரியவரைக் காணோம்: கோலாலம்பூரில் தேடத் தொடங்குவது எப்படி

அப்பா என்ன சட்டை போட்டிருந்தார் என்று போலீஸ் நிலையத்தில் கேட்டார்கள். நீலச் சட்டை என்றேன். அதற்குள் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கும் நீலச் சட்டை என்றே அனுப்பியிருந்தேன். மதியம் 3 மணிக்கு அவர் கிடைத்தபோது மேலே கிடந்தது என் மகனின் பள்ளி விளையாட்டுச் சட்டை, பளிச்சென்ற மஞ்சள். நீலச் சட்டை துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் இருந்தது. நாங்கள் எல்லாரும் நீலச் சட்டைக்காரரைத் தேடிக்கொண்டிருக்க, மஞ்சள் சட்டைக்காரர் எல்லார் கண்முன்னாலும் நடந்து போயிருக்கிறார்.

வீட்டில் ஒருவருக்கு முதுமை மறதி (டிமென்ஷியா) என்று டாக்டர் சொல்லி, அதோடு வாழப் பழகத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2018-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்த மறதி இருக்கலாம். உங்கள் ஃபிளாட் புளோக்கிலேயே நாலைந்து வீடுகள் தேறும். "எங்க அப்பா வெளியே போகமாட்டார், கால் வலி" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

இந்த நிமிடமே ஆளைக் காணோம் என்றால் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

முதல் ஒரு மணி நேரம்

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கட்டிலுக்கு மறுபக்கம், குளியலறை, ஸ்டோர் ரூம், நிறுத்தியிருக்கும் கார். ஃபிளாட் என்றால் மேல் மாடியும் கீழ் மாடியும். எல்லா மாடியிலும் ஒரே நிறக் கதவு, ஒரே மாதிரி கிரில். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி, தன் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் வீட்டின் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறார். படிக்கட்டு, மொட்டை மாடி, குப்பை போடும் அறை இவற்றையும் ஒருவர் ஓடிப் பார்க்கட்டும்.

அதே நேரத்தில் இன்னொருவர் அலமாரியையும் அழுக்குத் துணிக் கூடையையும் பார்க்க வேண்டும். என்ன உடை குறைகிறது, எந்தச் செருப்பு இல்லை, ஐசி (அடையாள அட்டை) இருக்கிறதா, பஸ் அட்டை இருக்கிறதா, கைப்பேசி எங்கே. நினைவிலிருந்து சொல்லாதீர்கள், கூடையைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் சறுக்கியது இங்கேதான்.

அடுத்தது ஜாகா, அதாவது காவலர். அடுக்குமாடியின் வாசலில் இருக்கும் ஜாகாவிடம் போய், எந்தப் பக்கம் திரும்பினார் என்று கேளுங்கள். அந்த ஒரு விவரம் கிடைத்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். சிசிடிவி பதிவை உடனே காட்ட மறுத்தாலும், "நீங்களே பார்த்துட்டு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றால் பெரும்பாலும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஆள் அகப்படவில்லையா, 999-க்கு அழையுங்கள். கைப்பேசியிலிருந்து 112 அடித்தாலும் அங்கேதான் போகும். அழைத்துவிட்டு ஒருவர் போலீஸ் நிலையத்துக்குப் போகட்டும், ஒருவர் வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் ஆள் இருப்பது மிக முக்கியம். போனவர் தானாகத் திரும்பி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு மறுபடியும் நடையைக் கட்டிவிடுவது உண்டு.

வெளியே தேடப் போகிறவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறதி முற்றியவர்கள் கூப்பிடும் குரலுக்குத் திரும்புவதில்லை. உதவி கேட்கவும் அவர்களுக்குத் தோன்றாது. தேடல் வேலையில் இருப்பவர்கள் சொல்லும் ஒரு பாடம் உண்டு: இவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், எங்காவது சிக்கி நிற்கும்வரை. வேலி, புதர், முட்டுச்சந்து, லோங்காங் என்ற சாக்கடைக் கால்வாய். ஆகவே நடந்துபோய்க் கண்ணால் தேடுங்கள். பஸ் நிறுத்தத்தின் பின்புறம், நிறுத்திய கார்களுக்கு இடையில் இருக்கும் இடுக்கு, பெரிய லோங்காங்கின் ஓரம், கட்டுமான வேலித் தகரத்துக்குப் பின்னால். காரில் சுற்றுகிறவர்கள் இந்த இடங்களையெல்லாம் தாண்டிப் போய்விடுவார்கள்.

போலீஸ் நிலையத்தில்

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க முடியும் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. அப்படி எந்த விதியும் இல்லை. காணவில்லை என்று தெரிந்த உடனே புகார் கொடுக்கலாம், எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்று மலேசியப் போலீசே பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனாலும் நான் போன முகப்பில் இருந்த ஓர் இளைஞர், "சாயந்திரம் வரைக்கும் பாருங்க, அக்கம்பக்கம் போயிருப்பார்" என்றார். கோபப்பட்டு நேரத்தை வீணாக்காமல் சொன்னேன்: "தம்பி, இவருக்கு டிமென்ஷியா, சர்க்கரை, இன்சுலின் போடணும். சாயந்திரம் வரைக்கும் தாங்கமாட்டார்." உள்ளே போய் மூத்த அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்து தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார்.

அங்கே வேலை செய்த சொல் "டிமென்ஷியா". மலாயிலும் "டிமென்சியா" என்றால் புரியும். "ஞாஞோக்" என்பதும் புரியும், ஆனால் அது "வயசானவர்தானே, மறந்திருப்பார்" என்ற அளவில் போய்விடும். நோயின் பெயரைச் சொல்லுங்கள், வேளைக்குப் போட வேண்டிய மருந்தைச் சொல்லுங்கள், உயிருக்கு ஆபத்து என்று சொல்லுங்கள். கிளினிக் அட்டையோ டாக்டர் கடிதமோ இருந்தால் நீட்டுங்கள். இன்னொன்று: மலாயில் "ஆயா" என்றால் அப்பா. பதற்றத்தில் தமிழும் மலாயும் கலந்து பேசி, காணாமல் போனது தாத்தாவா பாட்டியா என்று முகப்பில் இருப்பவரைக் குழப்பிவிடாதீர்கள். நான் குழப்பினேன்.

புகாரில் இருக்க வேண்டியவை: ஐசியில் உள்ளபடி முழுப்பெயர், 12 இலக்க எண், வீட்டில் கூப்பிடும் பெயர், பேசும் மொழி, உயரம், நடை, தழும்பு, கடைசியாகப் பார்த்த நேரம், இடம். நம் ஆட்களுக்கு ஐசியில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர். "சின்னையா" என்று கூப்பிட்டால் திரும்புகிறவர், ஐசியில் இருக்கும் பெயரைச் சொன்னால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

புகாரின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு அப்புறம் நீங்கள் போகும் ஒவ்வோர் இடத்திலும், ரயில் நிலையமோ மருத்துவமனையோ, அந்த நகல்தான் உங்கள் நுழைவுச்சீட்டு. நகலில்லாமல் சிசிடிவி கேட்டால் "முடியாதுக்கா", நகலோடு கேட்டால் "இருங்க, பார்க்கிறோம்".

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவைச் சில மாதங்களுக்கு அழைத்து வருகிறார்கள். அவர்களுக்கு இது இன்னும் கடினம். புது இடம், மலாய் தெரியாது, ஐசி கிடையாது. கடப்பிதழின் நகலையும் விசா பக்கத்தின் நகலையும் அவர்கள் பையில் வையுங்கள், அசலை வீட்டில் வையுங்கள். புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை. சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் தயங்க வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் என்றால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்.

அலர்ட் என்று ஒன்று இருக்கிறதா?

காணாமல் போனவரைப் பற்றி ஊருக்கெல்லாம் அறிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் நம் பெரியவர்களுக்கு அல்ல. 2007-இல் கோலாலம்பூரில் நூரின் என்ற சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பிறகு, அவள் பெயரைத் தாங்கி இங்கே வந்தது நூர் அலர்ட். அது குழந்தைகளுக்கானது. 78 வயது அப்பாவுக்கு நூர் அலர்ட் போடச் சொல்லி முகப்பில் வாதாடுவதில் பயனில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று நான் தேடிப் படித்தது, அப்பா இரண்டாவது தடவை காணாமல் போன பிறகுதான். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆம்பர் அலர்ட் 1996-இல் தொடங்கியது. அதைப் பார்த்து 2006-இல் ஒக்லஹோமாவில் முதியவர்களுக்குச் சில்வர் அலர்ட் என்ற யோசனை வந்தது, பிறகு பல மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. ஃபுளோரிடாவில் 2008-இலிருந்து இருக்கிறது. அங்கே பெரியவர்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் நெடுஞ்சாலைப் பலகையில் கார் எண் ஓடும். தென் கொரியாவில் 2021 ஜூனிலிருந்து, அந்த வட்டாரத்துக் கைப்பேசிகளுக்கே குறுஞ்செய்தி போகிறது: வயது, உயரம், உடை, கடைசியாகப் பார்த்த இடம். ஜப்பானில் 2023-இல் மட்டும் மறதி நோயுள்ள 19,039 பேரைக் காணவில்லை என்று போலீசில் பதிவாகியிருக்கிறது. அங்கே இருமா என்ற ஊரில் 2016-இல் ஒரு வேலை செய்தார்கள். நகத்தில் ஒட்டும் சின்னஞ்சிறு கியூஆர் ஸ்டிக்கர். சட்டையை மாற்றலாம், பையைத் தொலைக்கலாம், நகத்தை எங்கே போடுவார்? நம் பக்கத்திலேயே சிங்கப்பூரில் காரா என்ற செயலி இருக்கிறது. பெரியவரின் அட்டையில் உள்ள கியூஆரை யார் வருடினாலும் வீட்டாரைத் தொடர்புகொள்ள வழி கிடைக்கும்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட நமக்குச் சுலபமாகப் பயன்படக்கூடியது பிரிட்டனின் ஹெர்பர்ட் புரோட்டோகால். ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் இறங்கிய சிப்பாய். மறதி வந்த பிறகு, தான் சிறுவனாக வளர்ந்த வீட்டைத் தேடிக் கிளம்பிப் போய் இறந்துபோனார். அவர் பெயரில் வந்தது கருவியும் இல்லை, செயலியும் இல்லை. ஒரு படிவம், அவ்வளவுதான். காணாமல் போவதற்கு முன்பே வீட்டார் அதை நிரப்பி வைத்திருப்பார்கள், போனவுடன் போலீஸ் கையில் கொடுப்பார்கள். படம், மருந்து, பழக்கம், முன்பு குடியிருந்த இடங்கள், வேலை பார்த்த இடங்கள். இதற்கு அரசாங்கம் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும்.

அந்த ஒரு தாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாள், இரண்டு பக்கம். முன்பக்கத்தில் ஆறு மாதத்துக்குள் எடுத்த இரண்டு படங்கள்: ஒன்று முகம், ஒன்று முழு உருவம், வழக்கமாகப் போடும் செருப்போடு. தீபாவளிக்கு ஸ்டூடியோவில் எடுத்த வேட்டிப் படம் வேண்டாம், தெருவில் அப்படியா நடக்கிறார்? பல்செட் போடாமல் இருக்கும் படமும் ஒன்று இருக்கட்டும். பல்செட் இல்லாத அப்பாவை எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை.

அதன் கீழே புகாருக்கு வேண்டிய விவரங்கள்: இரண்டு பெயர்கள், ஐசி எண், மருந்துகள், காது கேட்குமா, கண் தெரியுமா. இதை மலாயில் எழுதி வைப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எழுதச் சொல்லுங்கள், நம்மைவிட நன்றாக எழுதுவார்கள்.

பின்பக்கம்தான் தாளின் உயிர். அவருடைய "வீடு" எது? நாம் இருக்கும் வீடு இல்லை, அவர் மனதில் இருக்கும் வீடு.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நாங்கள் இருப்பதும் செந்தூல். அவர் கிளம்பினால் பட்டறைப் பக்கம்தான் போவார் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அன்றைக்கு என் தம்பி மூன்று மணி நேரம் அந்தப் பழைய பட்டறை மதிலைச் சுற்றியே நடந்திருக்கிறான். என் சின்ன மகள்தான் மெல்ல வந்து சொன்னாள்: "அம்மா, தாத்தா நேத்து ராத்திரி பெரட்டுக்கு நேரமாச்சுன்னு சொன்னாரு. பெரட்டுன்னா என்ன?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அப்பா பட்டறைக்கு வந்தது இருபது வயதுக்கு மேலே. அதற்கு முன்னால் புக்கிட் ஜாலில் தோட்டத்தில் தாத்தாவோடு மங்கு (ரப்பர் பால் வடியும் கிண்ணம்) கழுவப் போன பையன். அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதியில் இப்போது 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கம் நிற்கிறது. செந்தூல் தீமோர் நிலையத்தில் சிறீ பெட்டாலிங் தடத்து எல்ஆர்டியில் ஏறினால் புக்கிட் ஜாலிலில் இறங்கலாம். ஒரே ரயில், மாறவே வேண்டாம். கையில் மூத்தோர் சலுகை அட்டை. ரயில்வேக்காரர் ரயிலில் ஏறுவதற்கு யாரிடம் வழி கேட்பார்?

அரங்கத்தின் ஒரு வாயில் அருகே நேப்பாள ஜாகா ஒருவரிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். "பெரட்டு முடிஞ்சிருச்சா?" அந்த மனிதர் ஒன்றும் புரியாமல், ஆனால் நாற்காலியைக் கொடுத்து உட்கார வைத்து, தண்ணீரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்திருந்தார்.

ஆகவே பின்பக்கத்தில் எழுதுங்கள்: பிறந்த இடம், சிறுவயதில் இருந்த தோட்டம், லயம், கம்பம். முதல் வேலை. கல்யாணமாகி முதலில் குடியிருந்த வாடகை வீடு. இறந்துபோன அண்ணன் தம்பிகளின் வீடு. வழக்கமாகப் போகும் கோயில், சந்தை, சவரக் கடை, நாலு நம்பர் லாட்டரிக் கடை. அந்த இடங்களின் பழைய பெயரோடு இன்றைய பெயரையும் எழுத வேண்டும், ஏனென்றால் அவர் பழைய பெயரைச் சொல்வார், போலீசுக்கும் கிராப் ஓட்டுநருக்கும் இன்றைய பெயர்தான் தெரியும். பங்சார் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். பிரிக்பீல்ட்ஸில் நூறு குவாட்டர்ஸ் என்று ரயில்வேக்காரர்கள் வாழ்ந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அவை இல்லை. "நூறு கோட்ரஸ் எங்க இருக்கு" என்று ஒரு பெரியவர் கேட்டால் இருபது வயதுப் பையனுக்கு என்ன தெரியும்?

ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில், இங்கிருந்து எப்படிப் போவார் என்றும் எழுதுங்கள். எந்தப் பஸ், எந்த ரயில், நடந்தா. முன்பு ஒருமுறை தொலைந்திருந்தால் எங்கே கிடைத்தார் என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அதே இடத்துக்கு மறுபடி போவது சகஜம். தாளைப் படமெடுத்துக் குடும்பத்தில் எல்லார் கைப்பேசியிலும் வையுங்கள், அசலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

ஊருக்குச் சொல்வது

அரசாங்க அலர்ட் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப்பும் முகநூலும்தான் நம் அலர்ட். அதை ஒழுங்காகச் செய்தால் வேலை செய்யும். ஒரே ஒரு படச் செய்தி தயார் செய்யுங்கள்: படம், கூப்பிடும் பெயர், வயது, சரிபார்த்த உடை, கடைசியாகப் பார்த்த இடம், நேரம், தேதி, போலீஸ் புகார் எண், ஒரு தொடர்பு எண். தேதி இல்லாத செய்திகள் மூன்று வருடம் சுற்றும். வீட்டு முகவரியும் ஐசி எண்ணும் அதில் வேண்டாம். மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று, முடிந்தால் சீனத்தில் ஒன்று. "மிகவும் அவசரம், தயவுசெய்து எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று பத்து வரி எழுதினால் யாரும் படத்தையே பார்க்கமாட்டார்கள்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே சமயத்தில் தூவுவதைவிட, அந்தப் பாதையில் இருப்பவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும். உங்கள் தாமான் குடியிருப்போர் குழு, கோயில் நிர்வாகக் குழு, பக்கத்து மாமாக் உணவுக் கடைக்காரர், கிராப் ஓட்டும் தம்பிகள், உணவு கொண்டுபோகும் பையன்கள். இந்தப் பையன்கள் சந்து பொந்தெல்லாம் போகிறவர்கள். தமிழ் வானொலிகளுக்கும், தமிழ் இணையச் செய்தித் தளங்களுக்கும் புகார் நகலோடு அனுப்பலாம். மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டே கடையில் வியாபாரம் செய்கிற ஒருவர், முகநூலில் உங்கள் படத்தைப் பார்த்த ஆயிரம் பேரைவிடப் பயன்படலாம்.

எண்ணை வெளியிட்ட பத்து நிமிடத்தில் ஏமாற்றுக்காரர்களும் அழைப்பார்கள். "உங்க அப்பா எங்ககிட்டதான் இருக்கார், ஆயிரம் வெள்ளி அனுப்புங்க" என்றால், அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது இப்போதே ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பணம் அனுப்பாதீர்கள். அந்த எண்ணை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

ரயில், மருத்துவமனை, ஜேகேஎம்

எல்ஆர்டி, எம்ஆர்டி நிலையங்களில் துணைப் போலீசார் இருப்பார்கள். புகார் நகலையும் படத்தையும் காட்டிச் சொன்னால் தடத்தின் மற்ற நிலையங்களுக்கும் சொல்லிவிடுவார்கள். மலாயா ரயில்வே எனும் கேடிஎம் நிலையமாக இருந்தால் கவனம், அந்த ரயில் வெகுதூரம் போகும். பத்துமலைக்குப் போக ஏறுகிறவர் தவறான மேடையில் நின்றால் தஞ்சோங் மாலிமில் போய் இறங்குவார். தடங்களின் கடைசி நிலையங்களை மறக்காமல் கேளுங்கள். எல்லாரும் இறங்கிய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருப்பவர் அங்கேதான் கண்ணில் படுவார்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்பதைவிட நேரில் போவது நல்லது. கோலாலம்பூர் பொது மருத்துவமனை, லெம்பா பந்தாய் பக்கம் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை, செலாயாங், அம்பாங். அவசரப் பிரிவில் பெயரைச் சொல்லிக் கேட்டால் "அப்படி யாரும் இல்லை" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும், ஏனென்றால் பெயர் சொல்லத் தெரியாதவர் பெயரில்லாமல்தான் பதிவாகியிருப்பார். "பெயர் தெரியாத இந்திய முதியவர் யாராவது வந்தாரா" என்று கேளுங்கள். மருத்துவ சமூகப் பணியாளர் பிரிவு ஒன்று இருக்கும், உறவினரைத் தேடும் வேலை அவர்களுடையது. அங்கே ஒரு படம் கொடுத்து வையுங்கள்.

ஓரிரு நாள் ஆகிவிட்டால் ஜேகேஎம் என்கிற சமூகநலத் துறையை நினைவில் வையுங்கள். அழுக்குச் சட்டையோடு, ஐசி இல்லாமல், கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்ப்பவர்களுக்கு வீடில்லாதவராகத்தான் தெரியும். 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி அப்படிப்பட்டவர்களைக் காப்பகத்தில் சேர்க்கலாம். தேசா பினா டிரி என்ற அந்தக் காப்பகங்களில் ஒன்று ஜொகூரில் மெர்சிங், ஒன்று பகாங்கில் ஜெராந்துட். கோலாலம்பூரில் தொலைந்தவரை யார் மெர்சிங்கில் போய்த் தேடுவார்கள்? 15999 என்ற தாலியான் காசே உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அழைத்து ஆள் அடையாளம் சொல்லிப் பதியுங்கள்.

உடம்பில் ஒரு எண்

ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கினேன், அப்பா இரண்டு நாளில் கழற்றி மீன் தொட்டிக்குள் போட்டார். கைப்பேசியை விட்டுவிட்டுப் போவார். கடைசியில் நிலைத்தது சாமி காப்பு. கோயிலில் பூசை செய்து கட்டிய செம்புக் காப்பு, அதன் உட்புறத்தில் சாவி வெட்டும் கடையில் என் எண்ணைப் பொறித்தேன். சாமி காப்பை அவர் கழற்றுவதில்லை. அம்மாக்களுக்கு வளையலில் பொறிக்கலாம். தங்கம் வேண்டாம், வழிப்பறிக்காரனுக்கு வழிகாட்டியதாகிவிடும். சட்டைக் கழுத்துப்பட்டையின் உள்ளேயும் அழியாத பேனாவால் எழுதுங்கள். பணம் செலவழிக்க மனமிருந்தால், வழக்கமான செருப்பின் அடியிலோ இடுப்புப் பட்டையிலோ ஏர்டேக் போன்ற ஒரு சின்ன வில்லையைத் தைத்து வைக்கலாம். பக்கத்தில் கைப்பேசிக்காரர்கள் நடமாடும் ஊரில்தான் அது தன் இடத்தைச் சொல்லும், கோலாலம்பூரில் அதற்குக் குறைவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது அதையும் நம்பாதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த பிறகு

"எங்கே போனீங்க, எவ்வளவு பயந்துட்டோம் தெரியுமா" என்று தொடங்காதீர்கள். அவருக்கு எங்கேயும் போன நினைவே இருக்காது, திட்டு வாங்கிய உணர்வு மட்டும் தங்கும். தண்ணீர் கொடுங்கள், கால் பாதத்தைப் பாருங்கள், சர்க்கரை இருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். வெயிலில் மணிக்கணக்கில் நடந்தவர் "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வார்.

விசாரணை அதிகாரிக்கு அழைத்து ஆள் கிடைத்துவிட்டார் என்று சொல்லி, புகாரை முடித்துவிடுங்கள். அனுப்பிய எல்லாக் குழுக்களுக்கும் அதே படத்தின் மேல் "கிடைத்துவிட்டார்" என்று பெரிதாக எழுதி அனுப்புங்கள். இதைச் செய்யாததால் எட்டு மாதம் கழித்து, சிரம்பானிலிருந்து யாரோ ஒருவர் என்னை அழைத்து, நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவரைச் சந்தையில் பார்த்ததாகச் சொன்னார். அப்பா அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து மீலோ குடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம், கொஞ்சம் ஆற அமர்ந்து, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மலேசிய அல்சைமர் நோய் அறநிறுவனத்தை ஒருமுறை தொடர்புகொள்ளுங்கள். 1997-இலிருந்து இயங்குகிறது. பராமரிப்பவர்களுக்கான கூட்டங்களும் பகல்நேரப் பராமரிப்பும் நடத்துகிறார்கள். கதவில் என்ன மாதிரித் தாழ்ப்பாள் போடுவது என்பதுகூட அங்கே வருகிற மற்ற குடும்பங்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். கண்மட்டத்துக்கு மேலே போட வேண்டும், தீ விபத்து என்றால் நாம் உடனே திறக்கும்படி இருக்க வேண்டும். வெளியே பூட்டிவிட்டு அவரைத் தனியாக விட்டுப் போகக் கூடாது.

எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருப்பது அந்தத் தாளின் நான்காவது பிரதி. போன வாரத்திலிருந்து அப்பா ராவாங் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். அங்கே அவருக்கு யார் இருந்தார்கள் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியத்தையிடம் கேட்கலாம் என்றிருக்கிறோம். இப்போதைக்கு பின்பக்கத்தின் கடைசி வரியில் "ராவாங், கேடிஎம், செந்தூலில் ஏறுவார்" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.